மஞ்சள் வைத்த சேலை சரக்கு இல்லை

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று செராசில் உன் வீட்டுக்குப் போன் செய்தபோது, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று உன் மனைவியே சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. கோபம் வந்தால் நான் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ அதைப் பார்த்தே கொல்லைப்பக்கமாக ஓடுவாய். இப்போது ஓடுவதற்குக் கொல்லை தேவைப்படவில்லை. "ம்மா, ஒரு நிமிஷம்லா, இன்னொரு லைன்ல ஆள் இருக்காங்க, அப்புறம் கூப்புடுறேன்" என்றால் போதும். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் வெட்டிவிட்டு நீ பேச முடியாது. இதைக் கடையின் இரும்புக் கதவில் வெளிப்பக்கமாக ஒட்டிவிட்டு, கிள்ளான் கடைத்தெரு முழுக்கப் படிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் அந்தக் கல்யாணக் குடும்பத்தை நினைத்து விட்டுவிட்டேன். உனக்காக விட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நாளை சனிக்கிழமை காலையில் உன்னிடம் இருக்கும் பின்கதவுச் சாவியால் திறந்துகொண்டு பார்சல் கட்ட வருவாய். உன் கம்ப்யூட்டரின் விசைப்பலகை மேல் இதை விரித்து வைக்கிறேன். இதை எடுக்காமல் உன்னால் ஒரு எழுத்தும் தட்ட முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பழைய ஆள், கம்ப்யூட்டர் வியாபாரம் அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் குதிக்கிறாள் என்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாய். பொய். நீ பிறப்பதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில் பாய் விரித்துச் சேலை விற்றவள் நான். அப்போதே என்னை எல்லாரும் கேலி செய்தார்கள். கடை இல்லாமல், போர்டு இல்லாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன வியாபாரம் என்றார்கள். அதனால் உன் கம்பெனி ஆட்களைக் குறைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அதே முன்னறையில் நீ கம்ப்யூட்டரை வைத்து, "ம்மா, உன் சேலையெல்லாம் படம் புடிச்சு இதுல போடுறேன், உலகமே பாக்கும்" என்றபோது நான் சிரிக்கவில்லை. துணி காயப்போடும் கம்பியில் சேலையை விரித்துப் பிடித்தவள் நான். காற்றில் பறந்தது என்று அதற்கும் திட்டு வாங்கினேன். போன் லைனில் நீ அந்த இன்டர்நெட் கருவியைப் போட்டால் வீட்டுப் போன் வேலை செய்யாது. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த உன் பெரியம்மா, என்னமோ ஏதோ என்று பதறி டாக்சி பிடித்து வந்துவிட்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன். தொட்டுப் பார்க்காமல், தோளில் போட்டுப் பார்க்காமல், எங்கோ மெல்பர்னில் ஒருத்தி முதல் சேலையை வாங்கியபோது, கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்தான். உன் அப்பா சுருக்கமாக, "காலம் மாறிப்போச்சு" என்றார். அவர் அதற்கு மேல் எதற்கும் பேசமாட்டார் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

கடை வைக்க வேண்டும் என்றதும் நீதான். படத்தைப் பார்த்துக் கேட்கிறவர்கள் எல்லாரும் உங்கள் கடை எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று கேட்கிறார்களாம். "ரோட்டுமேல ஒரு கடை இருந்தாத்தான்மா வெளிநாட்டுல இருக்கிறவங்க நம்புறாங்க" என்றாய். உன் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய நேரம். கிள்ளானில் இந்தக் கடையும் மாடியில் வீடும் சேர்ந்து கிடைத்தபோது நமக்கு விடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். முன்னால் கல்லாவில் நான், பின்னால் கம்ப்யூட்டரில் நீ. இரண்டுக்கும் ஒரே சரக்கு. கடை திறந்த அன்று நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், நினைவிருக்கிறதா? அந்தப் பச்சை இரும்பு அலமாரி என்னுடையது, அதற்குள் இருப்பதை உன் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது, நீயும் தொடக் கூடாது என்றேன். "ஓக்கேம்மா, அது உன்னோட ஆபீஸ்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த அலமாரி எதற்கென்று உனக்குத் தெரியாதா? நேற்று வந்த மருமகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீ அதிலேயே வளர்ந்தவன். ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கூறைச் சேலையை ஆனியிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். ஆடியில் நல்ல காரியத்துக்குத் துணி எடுக்கமாட்டார்கள், எடுத்ததை ஆடியில் வீட்டில் வைத்திருக்கவும் மாட்டார்கள். பார்த்து, பிடித்து, மாப்பிள்ளையின் அம்மா முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைத்து, "ஆவணி பொறந்ததும் வந்து எடுத்துக்கிறோம்" என்று என்னிடம் விட்டுப் போவார்கள். மஞ்சள் வைத்த நிமிடத்திலிருந்து அது நம் சரக்கு இல்லை. அது அந்தப் பெண்ணின் சேலை. நாம் வெறும் காவல். குவார்ட்டர்ஸில் ஒரு ஆடி மாதம் ராத்திரியும் பகலும் மழை பிடித்துக்கொண்டு கூரை ஒழுகியபோது என்ன நடந்தது? அப்படி விட்டுப்போன சேலைகள் இருந்த பெட்டியை உன் அப்பா தன் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, அவர் போய் ஒழுகுகிற இடத்தில் படுத்துக்கொண்டார். நீ பள்ளிக்கூடக் குடையை விரித்துப் பெட்டிமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். போய்ப் படு என்று அதட்டியும் போகவில்லை. மறுநாள் உன் அப்பாவுக்குக் காய்ச்சல், சேலைகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. குடை பிடித்த அந்தக் கை எப்படித் தம்பி இந்த அலமாரியைத் திறந்தது?

மேரு பாக்கியம் அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். புருஷன் லோரி ஓட்டுகிறவர், ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஆனி கடைசியில் இரண்டு வீட்டுப் பெண்களும் வந்து, கடையையே தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். பெண்ணின் அம்மாவுக்குப் பச்சை வேண்டும், பெண்ணுக்கு ரோஜா நிறம் வேண்டும், பாக்கியம் அக்காவுக்கு அரக்கு. "பச்சை கிளிக்கு நல்லாருக்கும், என் மருமகளுக்கு அரக்குதான்" என்று அவர் சொன்னதும் பெண்ணே சிரித்துவிட்டாள். சண்டை முடிந்தது. மாம்பழக் கரை போட்ட அந்த அரக்குச் சேலையை மடியில் விரித்து, கையோடு கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து, மோதிர விரலால் முந்தானை ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். அரிசிமணி அளவுதான் இருக்கும். கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். "பத்திரம்மா" என்றார். நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நீ பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஆடி நடுவில் பாக்கியம் அக்காவுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. கை தூக்க முடியாது, பேச்சு குழறுகிறது. அதையும் நான் உன்னிடம் சொன்னேன். நீ "அச்சச்சோ" என்றாய். அதற்கு முன்பே நீ அந்தச் சேலையை அனுப்பிவிட்டாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆவணி பிறந்து அவருடைய மகள் வசந்தியும் அப்பாவும் சேலையை எடுக்க வந்தார்கள். நான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டிருந்தேன்; நீயாகவே முந்திக்கொண்டு அலமாரியைத் திறந்து சேலையை எடுத்து வந்தாய். என்றைக்கும் இல்லாத அக்கறையாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன், முட்டாள். சேலையைத் தட்டில் வைக்கும்போது என் விரலில் ஈரம் பட்டது. மாதம் கடந்த மஞ்சள் காய்ந்து, நிறம் மங்கி, தட்டினால் உதிரும். இது பச்சை ஈரமாக, ஒரு காசு அளவுக்கு அப்பிக் கிடந்தது. உன்னைப் பார்த்தேன். நீ கால்குலேட்டரைப் பார்த்தாய். வசந்தி அந்த மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "அம்மாவால இனிமே கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ண முடியாதுக்கா. நல்லவேளை, அன்னைக்கே மஞ்சள் வச்சிட்டாங்க. அவங்க கை இதுல இருக்கு, எங்களுக்கு இது போதும்" என்றாள். நான் தட்டைத் தூக்கினேன். அவள் கையில் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் வாய் இருக்கிற உன் அம்மா, கல்லாவுக்குப் பின்னால் நின்று, உன் மானத்துக்காக அந்தப் பிள்ளையை ஏமாற்றி அனுப்பினேன். அதற்குத்தான் உன்மேல் எனக்கு முதல் கோபம்.

அவர்கள் போனதும் கேட்டேன். மழுப்பாமல் சொன்னாய், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். லண்டனில் ஒரு பெண் அதே சேலையைப் படத்தில் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அவசரமாகக் கல்யாணம். மஞ்சள் வைத்த பிறகும் நீ அதைப் பட்டியலிலிருந்து எடுக்காததால் கம்ப்யூட்டர் 'இருக்கிறது' என்று காட்ட, நீயும் இருக்கிறது என்று எழுதிவிட்டாய். தேடினால் சேலை என் அலமாரியில். கல்லாவில் கிடந்த சாவியை எடுத்து எனக்குத் தெரியாமல் திறந்துவிட்டாய். சரி, தவறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டு அதே தறியில் இன்னொன்று வரவழைக்கலாம், ஆவணிக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாய். நீ போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. சேலை வந்தது. மாடியில் என் சமையல்கட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்து மஞ்சள் எடுத்து நீயே வைத்தாய். "சேம் சேலைதாம்மா. சேம் கலர், சேம் கரை. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய். எந்த டப்பா தெரியுமா தம்பி? மீனுக்குத் தடவ வைத்திருக்கும் மஞ்சள் தூள் அது. கரண்டியில் கெளுத்தி வாடை அடிக்கும். ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளப்போகும் சேலையில் மீன் மஞ்சளை வைத்துவிட்டு, சேம் சேலை என்கிறாய்.  

அதோடு நீ நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். அந்த லண்டன் பெண் உனக்கு நன்றி சொல்லி எழுதினாளாம். முந்தானையில் மஞ்சள் வைத்தே அனுப்பியிருக்கிறீர்கள், என் அம்மா பார்த்து நெகிழ்ந்துவிட்டார் என்றாளாம். அதைச் சொல்லும்போது உன் முகம் மலர்ந்தது. "ம்மா, நல்ல ஐடியாலா இது. இனிமே எல்லா கூறைக்கும் நாமளே மஞ்சள் வச்சு அனுப்பலாம். வேற எவனும் செய்யமாட்டான்" என்றாய். நான் கையிலிருந்த அளவுகோலை உன்மேல் எறிந்தது அப்போதுதான். படவில்லை. பட்டிருக்கலாம். யாரோ ஒரு தாய் தன் மருமகளுக்கென்று வைத்த பொட்டு அது. அந்தக் கை இனி எழாது. அதை நீ கவனிக்காமல் விலை பேசினாய், பிறகு தெரிந்தே அனுப்பி மறைத்தாய், கடைசியில் அதையே வியாபாரத் தந்திரமாக்கப் பார்க்கிறாய். லண்டன்காரியும் ஏமாந்தவள்தான். படத்தை மட்டும் பார்த்து நம்மை நம்பினவள் அவள். பாயில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்து வாங்கியவர்களைவிட அவளுக்குத்தான் நாம் கூடுதலாக உண்மையாக இருந்திருக்க வேண்டும். நேரில் வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அவளுக்கு உன் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "கல்யாணம் முடியட்டும், இப்பச் சொல்லி என்னா ஆவப்போவுது" என்றார். அவரோடும் எனக்குப் பேச்சில்லை. இன்று காலை தனியாகப் பஸ் ஏறி மேருவுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகாரம் சுடும் வாசனை. பாக்கியம் அக்காவை ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று. சாமி படத்தின் முன்னால் தட்டில் நம் சேலை. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். வசந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னாக்கா நீங்க? சொல்லணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். இல்ல, சொல்லாமயே இருந்திருக்கணும். பந்தல் போட்டப்புறம் வந்து சொல்றீங்களே!" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நான் தலை குனிந்தது இதுதான் முதல் தடவை. அதை நீ வாங்கிக் கொடுத்தாய்.

பாக்கியம் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க இடது கை எழுந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "யாரு... வச்சது?" என்று கேட்டார். என் மகன் என்றேன். "எங்க அவன்?" என்றார்.  வேலையாக இருக்கிறான் என்றேன். உனக்காக நான் சொன்ன இன்னொரு பொய். வசந்தி சேலையை எடுத்து உன் மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தாள், கொஞ்சம் கறை நின்றுவிட்டது. மறு ஓரத்தை அம்மாவிடம் நீட்டி, "இடது கையாலயே வைய்யிம்மா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். விழுந்து கிடந்த வலது கையைக் கண்ணால் காட்டினார். "இந்தக் கைதான். புடிச்சு வைக்கணும்" என்றார். நான் பிடிக்க எழுந்தேன். "நீ வேணாம்" என்றார். "அழிச்சவன் வரட்டும். அவன் புடிக்கட்டும்."

அதனால்தான் தம்பி, நாளை பார்சல் கிடையாது. கடையும் திறக்காது. சனிக்கிழமை வியாபாரம் போகிறதே என்று மாடிக் கதவைத் தட்டாதே, நான் இறங்கி வரமாட்டேன். பிறகு லண்டன் பெண்ணுக்கு எழுதிக்கொள்ளலாம். 'உன் சேலையில் இருந்த மஞ்சள் மேருவில் பாக்கியம் என்ற ஒரு தாயின் விரல் வைத்தது, முடிந்தால் அவரையும் ஒருமுறை நினைத்துக்கொள்' என்று மறைக்காமல் எழுது. அதைப் படித்து அவள் திட்டினால் வாங்கிக்கொள். ஆனால் முதலில் வேனை எடுத்துக்கொண்டு மேருவுக்குப் போ. போனைக் காரணம் காட்டி வாசலில் நிற்காதே. வசந்தி திட்டுவாள், நின்று கேள். அக்காவின் அருகில் உட்கார். அந்தக் கை கனமாக இருக்கும், விரல்கள் மடங்கிக் கிடக்கும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பிரி. மோதிர விரலை மஞ்சளில் தோய்த்து, நீ எவ்வளவு பெரிதாக அப்பினாயோ அப்படி இல்லாமல், அரிசிமணி அளவுக்கு, அவர் எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கே வை. அவருடைய விரலைப் பிடித்திருக்கும் உன் விரலிலும் மஞ்சள் ஒட்டும். கழுவாமல் திரும்பி வா. மாடிக் கதவைத் திறப்பதற்கு முன் கம்பி வழியாகக் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பேன். மீன் மஞ்சளா, பாக்கியம் அக்காவின் மஞ்சளா என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா